கொல்லைக் கோழிகளோடு கலப்பினக் குஞ்சுகளைச் சேர்ப்பது எப்படி: காவிரி டெல்டாவுக்கான முழுமையான வழிகாட்டி

டெல்டா கிராமங்களில் கொல்லையில் ஏழெட்டு நாட்டுக்கோழிகள் இல்லாத வீடு குறைவு. மாட்டுக்கொட்டகை ஓரம் கிளறி, களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கி, இருட்டுவதற்கு முன் தாமாகவே பஞ்சாரக் கூடையடிக்குத் திரும்பிவிடும் அந்தக் கோழிகளால் வீட்டுக்குப் பெரிய செலவு கிடையாது. ஆனால் சிறுவிடை என்னும் சிறிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழிப் பெட்டை ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைகளுக்கு மேல் இடுவது அரிது. அவற்றிலும் ஒரு பகுதி அடை வைக்கப் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் வளரும்போது முட்டை போதாமல், பத்துப் பதினைந்து கலப்பினக் குஞ்சுகளை வாங்கிச் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. எண்ணம் நல்லதுதான். எப்போது வாங்குவது, எந்த வரிசையில் சேர்ப்பது என்று தெரியாமல் செய்தால் மட்டும், வாங்கிய குஞ்சுகளோடு இருந்த கோழிகளும் போய்விடும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் போயின. நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கொல்லைக்கு, ஒரு கார்த்திகை மாதத்தில், வண்டியில் கூடை கட்டிக்கொண்டு வந்த வியாபாரியிடம் பதினைந்து குஞ்சுகளை வாங்கினேன். மழை பெய்துகொண்டிருந்ததால் அவற்றைப் பழைய கோழிகள் அடையும் கொட்டகையிலேயே ஒரு மூலையில் சாக்கு விரித்து விட்டேன். பன்னிரண்டாம் நாள் நான்கு குஞ்சுகள் மிஞ்சியிருந்தன. அடுத்த வாரம், வளர்ந்த பெட்டைகளில் மூன்று பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு செத்தன. மழைக்காலத்தில் வாங்கியது ஒரு தவறு. தடுப்பூசி போட்ட குஞ்சுகளா என்று கேட்காதது இன்னொரு தவறு. வந்த அன்றே ஒரே கூரையின் கீழ் விட்டது எல்லாவற்றிலும் பெரிய தவறு. கீழே சொல்லியிருக்கும் முறை, அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டது.

எந்தக் குஞ்சு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல்

கலப்பினம் என்று விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இரண்டும், பெங்களூருவில் உருவான கிரிராஜாவும், சென்னை நந்தனத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நந்தனம் கோழியும் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்டவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது, உடல் கனமாகும். கிராமப்பிரியா முட்டைக்கு ஏற்றது. முட்டை வேண்டிக் குஞ்சு சேர்ப்பவர் கறிக்கோழி போல் வேகமாகக் கனக்கும் இனத்தை எடுத்தால், கோழி வெயிலில் இரைக்கும், தீனியும் ஏறும்.

இவற்றுக்கு அப்பால், சந்தைகளிலும் வண்டிகளிலும் "நாட்டுக்கோழிக் குஞ்சு" என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, நிறத்தில் நாட்டுக்கோழி போலத் தோன்றும் கலப்புகளே. சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்துத் தெருவில் விற்கப்படும் குஞ்சுகள் முட்டைப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று அவற்றை வாங்கிக் கொல்லைக் கோழிகளோடு விடுவது நோய்க்குக் கதவு திறந்து வைப்பதாகும். குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்தோ அரசுப் பண்ணையிலிருந்தோ நேரடியாக, பொரித்த நாள் தெரிந்து, மாரெக் என்ற கோழி வாத நோய்க்கான தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தடுப்பூசி பொரித்த முதல் நாளிலேயே பொரிப்பகத்தில் போடப்படுவது. நாம் பிறகு போட முடியாது.

எத்தனை வாங்குவது என்பதில் ஒரு கணக்கு உண்டு. ஆண், பெண் பிரிக்காமல் விற்கப்படும் பன்னிரண்டு குஞ்சுகளில் ஐந்தாறு சேவலாகத்தான் இருக்கும். ஆகவே ஐந்து முட்டைக்கோழி வேண்டும் என்பவர் பன்னிரண்டு குஞ்சுகளை ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். மாதம் நான்கு என்று விட்டுவிட்டுச் சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் புதிய நோய்க்கும் புதிய சண்டைக்கும் இடம் கொடுத்ததாக ஆகும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

டெல்டாவில் இதற்கு மாசி மாதமே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. சம்பா அறுவடை முடிந்து களங்கள் காய்ந்திருக்கும்; அரிசி ஆலையில் புது உமி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்; குருணையும் தவிடும் மலிவாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் தரையிலிருந்து இறங்கியிருக்கும். குஞ்சுகளைக் கொல்வதில் குளிரைவிட ஈரத்துக்கே இங்கே பங்கு அதிகம். ஈர உமியில்தான் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரி முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகிறது. கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துவதும் பெரும்பாலும் பிப்ரவரியில்தான். மாசிக் கடைசியில் வந்த குஞ்சு சித்திரைக் கடைசியில் பெரிய கோழிகளோடு சேரும் அளவை எட்டும். ஆடி, ஆவணியில் முட்டையிடத் தொடங்கும். ஐப்பசி அடைமழை வருவதற்குள் வளர்ந்த கோழியாக இருக்கும். ஆவணிக்குப் பிறகு குஞ்சு வாங்குபவர், குஞ்சுப் பருவம் முழுவதையும் மழையில் கழிக்கத் துணிகிறார் என்றே பொருள்.

குஞ்சு வருவதற்கு முன் பழைய கோழிகளைக் கவனித்தல்

புதுக் குஞ்சுதான் நோயைக் கொண்டுவரும் என்று நாம் நினைக்கிறோம். பாதி உண்மைதான் அது. வெளியே நலமாகத் தெரியும் பழைய கோழி, முன்பு வந்து தேறிய சளி நோயையும், குடலில் இரத்தக்கழிச்சல் நுண்ணுயிரியையும், சிறகடியில் செள்ளுப் பூச்சியையும் சுமந்துகொண்டிருக்கும். அவற்றோடு பழகிவிட்ட கோழிக்கு ஒன்றும் ஆகாது. பொரிப்பகத்தின் சுத்தமான அறையிலிருந்து வந்த குஞ்சுக்கு அதுவே எமனாகும். ஆகவே குஞ்சு வருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

முக்கியமான வேலை, வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் கோழிக்கழிச்சலுக்கான தடுப்பூசி. இந்த நோய்க்கு ராணிக்கெட் நோய் என்று பெயர் வந்தது, இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்த இமயமலை ஊரான ராணிக்கேத்தின் பெயரால். நம் மாநிலத்தில் கால்நடைத் தடுப்பு மருந்துகளை உற்பத்தி செய்யும் நிலையம் 1932 முதல் ராணிப்பேட்டையில் இருப்பதால், பலரும் இரண்டு பெயர்களையும் ஒன்றாகக் கருதிக் குழம்புகிறார்கள். தடுப்பூசி போடாத கூட்டத்தில் இந்த நோய் புகுந்தால் பெரும்பாலான கோழிகள் தப்பாது. வந்த பிறகு மருந்தும் இல்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது தடுப்பூசிக்குப் பதிலாகாது. வளர்ந்த கோழிக்கு ஆர்.டி.வி.கே. என்ற ஊசி மருந்தை இறக்கையின் கீழ்த் தோலுக்கடியில் அரை மில்லி போடுகிறார்கள். குப்பியை உடைத்துக் கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிகளுக்கு வரும் என்பதால், பத்துக் கோழி வைத்திருப்பவர் தெருவில் நான்கைந்து வீடுகளோடு பேசி ஒரே காலையில் எல்லாக் கோழிகளுக்கும் போட்டுவிடுவது சிக்கனம். அக்கம்பக்கத்துக் கோழிகளும் காப்பாற்றப்படுவதால் நம் கொல்லைக்கும் அது வேலி.

குடற்புழு நீக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி போடுவது நல்லது. செள்ளுக்கு, கூட்டின் மரச் சந்துகளில் வேப்பெண்ணெய் தடவி, உட்காரும் கம்புகளை வெயிலில் காயவைத்து, கொல்லையில் ஒரு குழியில் சாம்பலும் மணலும் கலந்து போட்டுவிட வேண்டும். கோழிகள் அதில் புரண்டு தாமே சிறகைச் சுத்தம் செய்துகொள்ளும்.

குஞ்சுக்குத் தாய் தேடுதல்

கலப்பினக் குஞ்சு இயந்திரத்தில் பொரித்தது. தாயின் சூடும் குரலும் அறியாதது. அந்தத் தாயின் வேலையை ஓர் அடைக்கோழியிடம் ஒப்படைக்கலாம், அல்லது பல்பைக் கொண்டு நாமே செய்யலாம். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் மட்டும் என்றால் அடைக்கோழிக்கு ஈடு இல்லை. கலப்பினக் கோழிகள் பெரும்பாலும் அடை காப்பதில்லை. சிறுவிடையோ தவறாமல் அடைக்கு உட்காரும். முட்டை குறைவாக இடுகிறது என்று நாம் குறைப்பட்டுக்கொண்ட அதே பெட்டைதான் இங்கே கைகொடுக்கிறது.

இதற்கு ஏற்ற கோழி, அடையில் ஏறக்குறைய 21 நாட்களை முடிக்கப் போகும் கோழி. பொரிப்பகத்தில் குஞ்சு கிடைக்கும் நாளைக் கேட்டு, அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் அடை வைத்தால் நாள் பொருந்தும். குஞ்சுகள் பொரித்து இரண்டு நாட்களுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆன குஞ்சு தாய்க்கோழியின் அழைப்புக்குச் செவிகொடுக்கப் பழகுவதில்லை. ஒரு சிறுவிடையின் சிறகுக்குள் பத்துக் குஞ்சுகள் அடங்கும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்துக் குஞ்சு விறைத்துப்போகும்.

குஞ்சுகளை வைப்பது இரவில்தான். ஒன்பது மணிக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு குஞ்சாகக் கைக்குள் பொத்தி எடுத்துப் பின்பக்கத்திலிருந்து சிறகடியில் நுழைக்க வேண்டும். நுழைக்கும் கையாலேயே அடியில் உள்ள முட்டை ஒன்றை வெளியே எடுத்துவிட வேண்டும். முதல் குஞ்சு உள்ளே போனதும் கோழி உடலை உப்பிக்கொண்டு கொர்ரென்று உறுமும். கையைக் கொத்தவும் செய்யும். பொறுத்துக்கொண்டு அப்படியே இருந்தால், சிறகுக்குள்ளிருந்து கீச்சென்ற குரல் இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு அந்த உறுமல் மெல்ல இறங்கி, "குக், குக்" என்று தொண்டைக்குள் பேசுவது போல மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்துவிட்டால் மீதிக் குஞ்சுகளைத் தயங்காமல் வைக்கலாம். விடியும்போது கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் நிறம் பார்த்துச் சில கோழிகள் கொத்துவது உண்டு. தன் குஞ்சுகள் கறுப்பாகப் பொரித்திருக்க, வெள்ளைக் குஞ்சைச் சேர்த்தால் இந்தத் தொல்லை வரும். கொத்து தலையில் விழுமானால் குஞ்சுகளை உடனே எடுத்துப் பல்புக்கு மாற்றிவிட வேண்டும். நாளைக்குச் சரியாகும் என்று விடக்கூடாது.

தாயும் குஞ்சுகளும் மற்றக் கோழிகளிடமிருந்து விலகித் தனிப் பஞ்சாரத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. அடைக்கோழிக்கும் குஞ்சுத் தீவனத்தையே கொடுக்கலாம்.

அடைக்கோழி இல்லாதவர், அட்டையாலோ தகரத்தாலோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளையம் கட்டி, உள்ளே இரண்டு அங்குலம் காய்ந்த உமி பரப்பி, முதல் மூன்று நாட்களுக்கு அதன் மேல் செய்தித்தாள் விரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சுகள் உமியையே தீனி என்று தின்னும். குண்டு பல்பு ஒன்றை வளையத்தின் நடுவே தொங்கவிட்டு, குஞ்சு நிற்கும் மட்டத்தில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் இருக்குமாறு உயரத்தைச் சரிசெய்து, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: பல்பின் கீழ் குவிந்து கத்தினால் குளிர், வளையத்தின் ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்து இரைத்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. மின்சாரம் நின்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது புகையால் குஞ்சுகளைக் கொன்றுவிடும். பங்குனியின் பகல் வெயிலில் பல்பு தேவைப்படாது.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது. வந்த முதல் சில மணி நேரத்துக்குச் சிறிது கருப்பட்டி கரைத்த தண்ணீர் கொடுத்து, பயணக் களைப்பு தீர்ந்த பிறகு தீவனம் வைக்கலாம். முதல் ஆறு வாரம் புரதம் இருபது விழுக்காட்டுக்குக் குறையாத குஞ்சுத் தீவனம்தான் வேண்டும். கலப்பினக் குஞ்சு வேகமாக வளரும் உடம்பு. வெறும் குருணையையும் தவிட்டையும் போட்டு வளர்த்தால் கால் வளைந்து, சிறகு முளைக்காமல் நிற்கும். எங்கள் அத்தை கரையான் பிடித்துப் போடுவார்: பழைய பானையில் சாணமும் நைந்த சாக்கும் வைக்கோலும் போட்டு, தண்ணீர் தெளித்து, மாலையில் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அதை உதறிவிட்டவுடன் குஞ்சுகள் பாய்ந்து தின்பதைப் பார்த்தால், கடைத் தீவனத்தோடு இதையும் விடக்கூடாது என்று தோன்றும்.

தடுப்பூசி நாட்கள்

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி. பதினான்காம் நாள், குஞ்சுகளின் நோயெதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கான சொட்டு. நான்காவது வாரம் மறுபடி லசோட்டா. ஆறாவது வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. எட்டாவது வாரத்தில் ஆர்.டி.வி.கே. ஊசி. நாட்களைக் கால்நடை மருத்துவர் சிறிது மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும். அம்மையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொசு பரப்பும் நோய் அது, நம் வாய்க்கால் கரைகளில் கொசுவுக்குக் குறைவில்லை. ஆர்.டி.வி.கே. மருந்தை எட்டு வாரத்துக்கு முன்பு போடக்கூடாது, இளங்குஞ்சைப் படுக்கவைத்துவிடும். மருந்தகம் தொலைவில் இருப்பவர்கள் 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரச் சொல்லலாம். தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஆறு வாரம் விலக்கி வைத்தல்

குஞ்சுக் கூட்டுக்கும் பழைய கோழிகள் அடையும் இடத்துக்கும் நடுவே குறைந்தது இருபது, முப்பது அடியாவது இருக்க வேண்டும். காற்று பழைய கோழிகளின் பக்கத்திலிருந்து குஞ்சுகளின் பக்கம் வீசாத இடமாகப் பார்ப்பது நலம். தீனித் தட்டு, தண்ணீர்க் குவளை, துடைப்பம், செருப்பு எல்லாம் தனித்தனி. காலையில் முதலில் குஞ்சுகளுக்கும் பிறகு பெரிய கோழிகளுக்கும் தீனி வைக்க வேண்டும். குஞ்சுகளில் நோய் கண்டிருந்தால் மட்டும் அவற்றைக் கடைசிக்குத் தள்ளி, கைகால் கழுவிவிட்டே வேறு வேலைக்குப் போக வேண்டும். மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை எச்சத்தைத் தினமும் பார்க்க வேண்டும். இரத்தம் கலந்திருந்தால் அது இரத்தக்கழிச்சல். ஈர உமியை உடனே அள்ளிவிட்டு, மருத்துவரிடம் ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் கேட்டு அன்றே தண்ணீரில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். செத்த குஞ்சைச் சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதைக்க வேண்டும். வாய்க்காலில் எறிந்தால் அது கீழ்மடைக்காரர் கொல்லைக்குப் போய்ச் சேரும்.

கூட்டின் அடிப்பக்கத்தைப் பெருச்சாளி தோண்டாமல் செங்கல் பரப்பியும், மேலே வல்லூறும் காகமும் இறங்காமல் வலை போட்டும் வைக்க வேண்டும். கீரி நுழைய ஒரு கைமுட்டி அளவு சந்து போதும். கலப்பினக் குஞ்சு நாட்டுக்குஞ்சைப் போல் நிழல் கண்டதும் பதுங்காது. வெள்ளை நிறமானால் வானத்திலிருந்து பளிச்சென்று தெரியும். தாய்க்கோழி வளர்த்த குஞ்சுகளுக்கு அது பருந்தைக் கண்டு எழுப்பும் எச்சரிக்கைக் குரல் பழகியிருக்கும். அடைக்கோழி முறையை நான் வலியுறுத்துவதற்கு இது முக்கியமான காரணம்.

வலைக்கு இரு பக்கமும்

ஆறாவது வாரம் முதல் அறிமுகம். குஞ்சுகளின் கூட்டைப் பழைய கோழிகள் மேயும் இடத்துக்கு நகர்த்தி, கோழி வலையால் தடுத்து, இரு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்கவும் கேட்கவும் மட்டும் விட வேண்டும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டரப் எப்பே 1920களில் அதை முறையாக விவரித்து எழுதினார். தீனி தூவும் பெண்களுக்கு அது முன்பே தெரிந்ததுதான். புதுக் கோழி வந்தால் அந்த வரிசை முழுவதும் கலைந்து மறுபடி அமைய வேண்டும். வலை இருக்கும்போது, கொத்த வரும் பெட்டை வலையில் மோதித் திரும்பும். பத்துப் பதினைந்து நாட்களில் அதற்குச் சலித்துவிடும். தீனியை வலையின் இரு பக்கமும் ஒட்டினாற்போல வைத்தால், எதிரெதிரே நின்று தின்று பழகிக்கொள்ளும்.

வலையை எடுக்கும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்யக்கூடாது; குஞ்சைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நன்றாகத் தின்ற கலப்பினக் குஞ்சு எட்டாவது வாரத்தில் முக்கால் கிலோவைத் தொடும். பழைய கூட்டத்தில் மிகச் சிறிய பெட்டையின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது குஞ்சுக்கு வந்திருக்க வேண்டும். ஆர்.டி.வி.கே. ஊசி போட்டு இரண்டு வாரங்கள் கடந்திருப்பதும் அவசியம்.

சேர்க்கும் மாலை

மாலை ஐந்தரை மணிக்கு, வெயில் தாழ்ந்த பிறகு, கொல்லையில் திறந்து விட வேண்டும். கூட்டுக்குள் அடைத்து வைத்துச் சேர்க்கக்கூடாது. தோற்ற கோழி ஓட இடம் வேண்டும். முந்தின நாளே மேயும் இடத்தின் அமைப்பை மாற்றி வைப்பது பயன் தரும்: இரண்டு பஞ்சாரங்களை ஒரு பக்கம் கல் கொடுத்துத் தூக்கி வைப்பது, வாழை மட்டைகளைச் சாய்த்து வைப்பது, வைக்கோல் கட்டு இரண்டைப் போடுவது. குஞ்சு நுழையலாம், பெரிய கோழி நுழைய முடியாது என்ற அளவில் சந்து இருக்க வேண்டும். தீனித் தட்டுகளும் தண்ணீரும் குறைந்தது மூன்று இடங்களில், ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணில் படாதவாறு இருக்க வேண்டும். எல்லாக் குஞ்சுகளையும் ஒன்றாக விட வேண்டும். ஒன்றிரண்டாக விட்டால் கூட்டத்தின் கொத்து முழுவதும் அவற்றின் மேலேயே விழும்.

முதல் அரை மணி நேரம் இறகு சிலிர்த்து நிற்பதும், ஓரிரண்டு துரத்தல்களும், கொண்டையில் ஒரு கொத்தும் இயல்பு. தலையிடக்கூடாது. இரத்தம் வந்தால் மட்டும் அந்தக் குஞ்சை எடுத்து, காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, ஆறும்வரை தனியே வைக்க வேண்டும், ஏனென்றால் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கொத்தும். விடாமல் துரத்தும் பெட்டை ஒன்று எல்லாக் கூட்டத்திலும் இருக்கும். குஞ்சை ஒதுக்குவதைவிட அந்தப் பெட்டையை நான்கு நாள் தனிப் பஞ்சாரத்தில் மூடிவைப்பதே பலன் தருகிறது; திரும்பி வரும்போது அது புதிதாக வந்தது போல் அடங்கியிருக்கும். இரவில் முதல் ஒரு வாரம் குஞ்சுகள் தங்கள் பழைய கூட்டிலேயே அடையட்டும். பிறகு, தூங்கிய பின் ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய கோழிகளின் கம்பில் உட்கார வைக்கலாம். கலப்பினங்கள் மரமேறுவதில்லை, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தாழ்வான கம்பு ஒன்றும் வேண்டும்.

தீனியில் ஒரு கவனம்: முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து இளங்கோழிகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரு வயதும் ஒன்றாக மேயும் மாதங்களில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே கொடுத்து, நொறுக்கிய கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்துவிட்டால், முட்டையிடும் பெட்டை மட்டும் தேடிப் போய்த் தின்னும்.

சேவல்களைப் பிரித்தல்

ஆறு, ஏழு வாரத்திலேயே கொண்டை சிவந்து பெரிதாவதைக் கொண்டு சேவலை அடையாளம் காணலாம். மூன்றாம் மாதத்தில் இடுப்பில் கூர்மையான இறகு தொங்குவதைக் கண்டால் சந்தேகமே இல்லை. நான்கு மாதம் முடிவதற்குள் கலப்பினச் சேவல்களைக் கறிக்கோ விற்பனைக்கோ அனுப்பிவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மூன்று கிலோவை எட்டும் சேவல், ஒன்றேகால் கிலோ சிறுவிடையின் மேல் ஏறினால் அந்தப் பெட்டையின் முதுகு கிழிகிறது. எங்கள் வெள்ளைப் பெட்டைக்கு முதுகு இறகு உதிர்ந்து, தோல் கிழிந்து, ஈ மொய்த்துப் புழு வைத்தது. இதைவிடக் கவலைப்பட வேண்டியது, அந்தச் சேவலுக்குப் பிறக்கும் குஞ்சுகளில் அடை காக்கும் குணம் தேய்ந்துபோவது. இரண்டு, மூன்று தலைமுறையில், அடுத்த மாசிக்குக் குஞ்சுகளை ஒப்படைக்கக் கொல்லையில் ஓர் அடைக்கோழி இருக்காது. ஆகவே எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நாட்டுச் சேவல் மட்டும் இருக்கட்டும். கலப்பினப் பெட்டைகளின் முட்டையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, அடைக்கு நாட்டுப் பெட்டைகளின் முட்டையையே வைக்க வேண்டும். கலப்பின முட்டை பெரும்பாலும் நிறத்தாலும் பருமனாலும் தனியே தெரியும். தெரியாவிட்டால் முட்டையிட்ட உடனே பென்சிலால் குறியிட்டுக்கொள்ளலாம்.

மேட்டூர் திறப்பிலிருந்து மழை வரை

ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் ஆண்டுகளில், புதுக் கோழிகள் மேயப் பழகும் நேரத்திலேயே குறுவை வேலையும் தொடங்கிவிடும். விதைநேர்த்தி செய்த நெல், எலி மருந்து, வயலில் தூவும் குருணை மருந்து ஆகிய மூன்றும் கோழியைக் கொல்லும். குருணை மருந்தைக் கோழி உண்மையான குருணை என்றே பொறுக்கும். அக்கம்பக்கத்து வயலில் மருந்து போடும் நாளை முன்கூட்டியே கேட்டு, மூன்று நான்கு நாட்களுக்குக் கோழிகளை அடைத்து வைத்துத் தீனி போட வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் கூட்டின் தரையைச் செங்கல் வைத்து ஓரடியாவது உயர்த்தி, கூரையில் புதுக் கீற்று மாற்றி, மழைக்காலம் முழுவதற்கும் தேவையான உமி மூன்று, நான்கு மூட்டைகளைத் தார்ப்பாய் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறிய இரவில் எங்கள் பகுதியில் கீற்றுக் கூடுகள் பறந்துவிட்டன. அன்று முதல் கூட்டின் நான்கு கால்களையும் மண்ணில் இரண்டடி புதைத்துக் கட்டுகிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் கோழிகளை மாலையிலேயே பிடித்து, பஞ்சாரத்தோடு மாட்டுக்கொட்டகையின் சுவரோரம் கொண்டுவந்து வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடிவிடுகிறோம்.